பிரியாமல் நின்ற செல்: ஓர் இலைமுடியும் சயாமீஸ் புரதமும்

ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் சின்னப் பூச்செடியான அராபிடாப்சிஸின் இளம் இலை ஒன்றைக் கிள்ளி ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால் முதலில் கண்ணில் படுவது முடிதான். கீழே ஒற்றைத் தண்டு, மேலே மூன்றாகவோ நான்காகவோ கிளை, வெளிச்சம் பட்டால் கண்ணாடி இழை மாதிரி மின்னும். டிரைக்கோம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மில்லிமீட்டரில் ஒரு பங்கு உயரம்தான், ஆனால் சுற்றியிருக்கும் மேல்தோல் செல்களோடு ஒப்பிட்டால் குடிசைகளுக்கு நடுவே தேர் நிற்கிற மாதிரி இருக்கும். அவ்வளவு பெரிய முடி முழுக்க ஒரே ஒரு செல். தண்டு, கிளை, நுனி எல்லாம் சேர்த்து ஒன்றுதான், நடுவில் எங்கேயும் குறுக்குச்சுவர் கிடையாது.

டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு நீலமாக ஒளிரும் டாப்பி சாயத்தைப் போட்டு, அறையை இருட்டாக்கி, புற ஊதா ஒளியில் அதே இலையைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். மேல்தோல் செல்களின் நியூக்ளியஸ்கள் நீலப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். முடியின் தண்டில், கிளை பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரே ஒரு நியூக்ளியஸ், மற்றவற்றைவிடப் பலமடங்கு பெரிதாக, பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது அது ஒரு நியூக்ளியஸ்தானா, பல நியூக்ளியஸ் ஒட்டிக் கிடக்கிறதா என்று ஃபோகஸை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுதான். அதற்குள் டிஎன்ஏ நான்கு முறை இரட்டித்திருக்கிறது. குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இருக்கும் சாதாரண இருமய செல்லில் உள்ள அளவை 2சி என்று எழுதுவார்கள். இந்த முடியில் அது 4, 8, 16 என்று ஏறி 32சி வரை போகிறது. ஒவ்வொரு முறை இரட்டித்த பிறகும் செல் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும், பிரியவில்லை.

ஏன் பிரியவில்லை என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வு. பதிலின் மையத்தில் மிகச் சின்னதொரு புரதம் இருக்கிறது. ஆனால் அந்தப் புரதத்தைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்றுமே புரியாது. அது யாரோடு சேர்ந்து நிற்கிறது, எந்தக் கூட்டணியின் மேல் போய் உட்காருகிறது என்று பார்த்தால்தான் கதை விளங்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இருபது வருடம் ஆனது.

முடி இரட்டையாகப் பிறந்த செடி

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் லார்கினின் குழுவினரும் உடன் உழைத்தவர்களும் ஒரு மியூட்டன்ட் செடியை, அதாவது மரபணு ஒன்று பழுதான செடியைப் பற்றி எழுதினார்கள். செடி பார்க்க ஏறத்தாழ நன்றாகவே இருந்தது. முடி மட்டும் மாறியிருந்தது. வழக்கமாக அராபிடாப்சிஸ் இலையில் இரண்டு முடிகள் பக்கத்துப் பக்கத்தில் முளைக்காது, ஒன்றுக்கொன்று இடம்விட்டு நிற்கும். இந்தச் செடியில் இரண்டு மூன்று முடிகள் ஒரே அடியில் ஒட்டிக்கொண்டு நின்றன, ஒற்றை முடியிலேயே குறுக்குச்சுவர் எழும்பி அது பல செல்களாகவும் ஆகியிருந்தது. ஒட்டிப் பிறந்த இரட்டையரைக் குறிக்கும் சயாமீஸ் என்ற பெயரையே அந்த மரபணுவுக்கு வைத்தார்கள். ஆய்வகப் பேச்சில் அது சிம் என்று சுருங்கிவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் பல செல் முடிக்குள் இருந்த நியூக்ளியஸ்கள் சின்னவை, ஒவ்வொன்றிலும் டிஎன்ஏ குறைவு. அதாவது செல் டிஎன்ஏவை இரட்டிக்க மறக்கவில்லை, இரட்டித்த பிறகு பிரியவும் செய்துவிட்டது. இன்னொரு தடயமும் கிடைத்தது. செல் பிரியப் போகும் நேரத்தில் மட்டும் தலைகாட்டுகிற பி1 வகை சைக்ளின் என்ற புரதம் ஒன்று உண்டு. வளரும் சாதாரண முடியில் அது தென்படாது, சிம் மரபணு பழுதான முடியில் தென்பட்டது. பிரிவதற்கான ஏற்பாடு முழுவதும் அங்கே உயிரோடு இருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகம் இதை நமக்குத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. செல் முதிர்ந்து தனக்கென ஒரு வேலையை எடுத்துக்கொண்டதும் பிரிவது தானாக நின்றுவிடும், விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் சுடர் அணைகிற மாதிரி, என்ற எண்ணம்தான் பலருக்கும் உண்டு. சிம் செடி காட்டியது வேறு. முடி செல் முடியாக மாறத் தொடங்கிய பிறகும் அதற்குப் பிரியும் திறன் இருக்கிறது, ஒருவர் அங்கே நின்று விடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறார், அவரை எடுத்துவிட்டால் உடனே பிரிந்துவிடும். பிரியாமல் இருப்பதும் செல்லுக்கு ஒரு வேலைதான், அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும்.

யார் யாரோடு சேர்ந்தால் என்ன நடக்கும்

செல் சுழற்சி நான்கு கட்டம். ஜி1-இல் செல் வளரும், எஸ்-இல் டிஎன்ஏ இரட்டிக்கும், ஜி2-இல் சரிபார்த்துத் தயாராகும், எம்-இல் பிரியும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடுவது சிடிகே என்ற கைனேஸ் நொதி. மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏற்றுவதுதான் அதன் தொழில், ஆனால் தனியாக இருந்தால் அது எதையும் செய்யாது. சைக்ளின் என்ற இன்னொரு புரதம் வந்து பக்கவாட்டில் ஒட்டினால்தான் அதன் உள்மடிப்பு திரும்பி, வேலை நடக்கிற பள்ளம் திறக்கும். எந்த சைக்ளின் ஒட்டுகிறது என்பதை வைத்துத்தான் எந்தப் புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறும் என்பதும் அமைகிறது. கடல் முள்ளெலி முட்டைகளில் ஒரு புரதம் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறி ஏறி மறைவதை 1982-இல் டிம் ஹண்ட் கவனித்ததிலிருந்து தொடங்கியது இந்தக் கதை. அவரும் பால் நர்ஸும் லேலண்ட் ஹார்ட்வெல்லும் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அடிப்படைப் பொறி ஈஸ்டிலும் நம்மிலும் செடியிலும் ஒன்றுதான்.

ஆனால் செடிகள் அதில் தங்களுக்கென்று நிறைய சேர்த்துக்கொண்டன. அராபிடாப்சிஸில் மற்ற உயிர்களின் சிடிகேயோடு ஒத்துப்போவது ஒன்றே ஒன்று, சிடிகே-ஏ. அது எஸ் கட்டத்துக்கும் வேண்டும், எம் கட்டத்துக்கும் வேண்டும். அதற்கு மேல் செடிகளுக்கு மட்டும் உரிய சிடிகே-பி என்ற குடும்பத்தில் நான்கு பேர், இவர்கள் பெரும்பாலும் ஜி2 முடிந்து எம் தொடங்கும் வாசலில் வேலை பார்க்கிறவர்கள். சைக்ளின்களோ ஏ, பி, டி என்ற மூன்று வகையில் மட்டும் முப்பதைத் தொடும். இத்தனை பேர் ஜோடி மாறி மாறிச் சேர்ந்தால் எத்தனை விதமான கூட்டு உருவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செடியால் இடம்விட்டு நகர முடியாது, வேரும் இலையும் பூவும் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்க வேண்டும், வெயிலையும் வறட்சியையும் பார்த்து எங்கே பிரிவது எங்கே நிறுத்துவது என்று தினமும் முடிவெடுக்க வேண்டும். இத்தனை உறுப்பினர்கள் அதற்குத்தான் பயன்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எஸ் கட்டத்தின் வாசலில் டி வகை சைக்ளினும் சிடிகே-ஏவும் சேர்ந்த கூட்டு வந்து நிற்கிறது. அங்கே ஆர்பிஆர் என்ற புரதம் ஈ2எஃப் என்ற மரபணு இயக்கியைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். கூட்டு வந்து ஆர்பிஆர் மேல் பாஸ்பேட் ஏற்றியதும் பிடி தளர்ந்து ஈ2எஃப் வெளியே வரும், டிஎன்ஏ இரட்டிப்புக்கு வேண்டிய மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். எம் கட்டத்தின் வாசலில் ஏ, பி வகை சைக்ளின்கள் சிடிகே-ஏ, சிடிகே-பி இரண்டோடும் சேர்ந்து வருகின்றன. பிரிவு முடிய வேண்டுமானால் அந்த சைக்ளின்கள் அழிய வேண்டும். அதைச் செய்வது பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த ஏபிசி என்ற பெரிய கூட்டமைப்பு, அது சைக்ளின் மேல் யுபிக்விட்டின் என்ற முத்திரையைக் குத்தி அனுப்பும், புரோட்டியசோம் அதைத் துண்டு துண்டாக்கிவிடும்.

சரி, இப்போது முடி செல்லுக்கு வருவோம். அதற்கு எஸ் வேண்டும், எம் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எல்லா சிடிகேயையும் அடைத்துவிட்டால் எஸ் கட்டமும் நின்றுவிடும். அது மட்டுமல்ல, டிஎன்ஏ இரட்டிப்பு தொடங்குகிற இடங்களைத் தயார்ப்படுத்த சிடிகே வேகம் தாழ்ந்திருக்க வேண்டும், அந்த இடங்களைத் தூண்டிவிட வேகம் ஏற வேண்டும். நான்கு முறை இரட்டிக்க வேண்டுமென்றால் இந்த ஏற்ற இறக்கம் நான்கு முறை நடக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் எம் வாசலைத் தொடும் உயரத்துக்கு மட்டும் ஏறிவிடக் கூடாது. எல்லாவற்றையும் மூடுகிற பூட்டு இங்கே உதவாது, ஆள் பார்த்து விடுகிற காவல் வேண்டும்.

சந்தேகம் யார் மேல்

சிம் மரபணு என்ன புரதத்தைத் தருகிறது என்று தெரிவதற்கு முன்பே ஜெர்மனியில் ஆர்ப் ஷ்னிட்கரும் மார்ட்டின் ஹுல்ஸ்காம்ப்பும் 2002-இல் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டார்கள். முடி செல்லுக்குள் சைக்ளினை வலுக்கட்டாயமாகக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பி1;2 என்ற சைக்ளினை முடியில் இயக்கியபோது முடி பிரிந்து பல செல் ஆனது. டி3;1 என்ற சைக்ளினை இயக்கியபோது டிஎன்ஏ இரட்டிப்போடு சேர்ந்து செல் பிரிவும் நடந்தது. இரண்டாவது முடிவுதான் எனக்கு அதிக வியப்பு, ஏனென்றால் டி வகை சைக்ளின் எஸ் வாசலின் ஆள் என்றுதான் படித்திருக்கிறோம். முடியில் பிரிவைத் தூண்ட அதுவும் போதும் என்றால், தடுக்கிறவர் கண் வைத்திருக்க வேண்டிய கூட்டணிகள் ஒன்றிரண்டல்ல.

அடுத்த வருடம் வந்த இன்னொரு முடிவும் முக்கியம். சிடிகேயைத் தடுக்கும் புரதங்கள் செடிகளில் முன்பே தெரிந்தவைதான், கேஆர்பி என்ற பெயரில் அராபிடாப்சிஸில் ஏழு உண்டு, பாலூட்டிகளில் இருக்கும் ஒரு தடுப்பானின் சொந்தக்காரர்கள். அவற்றில் கேஆர்பி1-ஐ முடியில் அதிகமாக இயக்கிப் பார்த்தார்கள். சிடிகேயைத் தடுத்தால் பிரிவு நின்று டிஎன்ஏ பெருகும் என்று எதிர்பார்த்தால் அது தவறிவிடும்: டிஎன்ஏ இரட்டிப்பே குறைந்தது, முடி சிறுத்தது, செல் செத்தும் போனது. தடுப்பான் என்ற ஒரே பட்டம்தான், ஆனால் எதைத் தடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது என்பதில் உயிரும் சாவும் இருக்கிறது.

2006-இல் சிம் மரபணுவைப் பிடித்தார்கள். அது தருகிற புரதத்தின் எடை, புரதங்களை அளக்கும் அலகில், வெறும் 14 கிலோடால்டன். அது போய்த் தடுக்க வேண்டிய சிடிகே-ஏ கிட்டத்தட்ட 34, சைக்ளின்கள் அதைவிடவும் பெரியவை. அந்தக் குட்டிப் புரதத்தில் சைக்ளினைப் பிடிக்கக்கூடிய ஒரு துண்டும், கேஆர்பிகளில் இருப்பது போன்ற இன்னொரு துண்டும் இருந்தன. நியூக்ளியஸுக்குள் இருந்தது. டி வகை சைக்ளின்களோடும் சிடிகே-ஏவோடும் சேர்வதாகத் தெரிந்தது. மற்ற இருவிதையிலைச் செடிகளிலும் ஒருவிதையிலைச் செடிகளிலும் இதன் உறவுகள் இருந்தன. பாலூட்டிகளிலும் பூஞ்சைகளிலும் தேடியபோது இல்லை. இந்தப் புரதத்தைச் செடி முழுக்க அதிகமாகத் தயாரிக்க வைத்தால் செடி மெதுவாக வளர்ந்தது, இலை குறுகியது, மேல்தோல் செல்கள் ஊதிப் பெருத்தன, அவற்றுக்குள் டிஎன்ஏ கூடியது. முடியில் கேஆர்பி1 செய்ததற்கு நேர் எதிர்.

கூட்டத்திலிருந்து ஒருவரை இழுத்தல்

இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது. 2006 முடிவு சிம் புரதத்தை டி வகை சைக்ளின், சிடிகே-ஏ பக்கம் வைத்தது. 2010-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக் குழு ஒன்று செல் சுழற்சிப் புரதங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பெரிய அளவில் பார்த்தது. அந்த முறையைக் கொஞ்சம் விளக்கி ஆக வேண்டும், ஏனென்றால் கருத்து வேறுபாட்டின் வேர் அங்கேயும் இருக்கலாம்.

உங்களுக்கு வேண்டிய புரதத்தின் வாலில் இரண்டு கைப்பிடிகளை ஒட்டிவிட்டு, அந்த மரபணுவைத் திரவத்தில் வளரும் அராபிடாப்சிஸ் செல்களுக்குள் செலுத்துவார்கள். குடுவையில் பாலாடை மாதிரி மிதந்துகொண்டு, ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் அவை. பிறகு செல்களை வடித்து உறையவைத்து அரைத்து, சாற்றை மணிகள் நிரப்பிய குழாயில் விடுவார்கள். முதல் கைப்பிடி மணியில் மாட்டும், மற்றதெல்லாம் கழுவிப் போகும். ஒட்டியதை ஒரு நொதியால் வெட்டி விடுவித்து, இரண்டாவது கைப்பிடியை வைத்து மறுபடியும் அதே மாதிரி பிடித்துக் கழுவுவார்கள். இரண்டு கழுவலுக்கும் தாக்குப்பிடித்து உங்கள் புரதத்தைக் கட்டிக்கொண்டு வருபவர் யாரோ, அவரை நிறை நிறமாலைமானியில் போட்டு அடையாளம் காண்பார்கள். கை விடாமல் வந்தவர்தான் கூட்டாளி. இந்த வழியில் 393 புரதங்களுக்கு நடுவே 857 தொடர்புகளைக் கண்டார்கள். செடியின் செல் சுழற்சியை அதற்கு முன்னால் யாரும் இவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை, இன்றைக்கும் நான் அந்தப் படத்தை அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.

அந்தத் தேடலில் சிம் மாட்டியது சிடிகே-பி குடும்பத்தின் ஒரு கிளையான சிடிகே-பி1 பக்கம்.

ஆக, சிடிகே-ஏவா, சிடிகே-பி1ஆ? இதை வெறும் பெயர்ச் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. சிடிகே-பி1 தான் என்றால் விளக்கம் நேராக இருக்கும்: பிரிவுக்கு மட்டும் உரிய கைனேஸைச் சிம் அடைக்கிறது, எஸ் கட்டத்தைத் தொடவில்லை, அதனால் டிஎன்ஏ இரட்டிப்பு தொடர்கிறது. சிடிகே-ஏ என்றால், இரண்டு வாசலிலும் நிற்கிற ஒருவரைத் தொட்டும் ஒரு வாசலை மட்டும் எப்படி மூடுகிறது என்று கூடுதலாக விளக்க வேண்டி வரும். இரண்டு முடிவுகளும் நன்றாகச் செய்யப்பட்டவைதான். ஆனால் ஒரு விஷயத்தை நான் சொல்லியே தீர வேண்டும்: குடுவையில் ஓயாமல் பிரியும் செல் வேறு, பிரிவதை விட்டுவிட்ட முடி செல் வேறு. எந்தக் கூட்டு உருவாகும் என்பது அந்த நேரத்தில் செல்லுக்குள் யார் யார் எவ்வளவு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, ஓரிடத்தில் கிடைத்த பட்டியலை இன்னோர் இடத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

2015-இல் லார்கின் குழு சோதனைக் குழாயில் நேராகச் செய்து பார்த்தது. சிம் சிடிகே-ஏவையும் பிடித்தது, சிடிகே-பி1ஐயும் பிடித்தது, இரண்டின் வேலையையும் அடக்கியது. ஆனால் குழாயில் முடிவது செடிக்குள் நடந்தாக வேண்டும் என்று இல்லை, ஆகவே கேள்வி மறுபடி செடிக்கே திரும்பியது. 2020-இல் அதே குழு மரபியல் வழியில் போனது. இந்தத் தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்தது: சிம் இல்லாத முடி அளவுக்கு மீறிப் பிரிகிறது என்றால், அதைப் பிரியவைப்பது சிம்மின் பிடியிலிருந்து தப்பித்த ஏதோ ஒரு கைனேஸ். சந்தேகப்படும் கைனேஸின் பலத்தையும் அதே செடியில் குறைத்துப் பாருங்கள், பிரிவு அடங்கினால் தப்பித்தவர் அவர்தான். அந்த வழியில் வந்த முடிவு, சிம் முடி செல்லுக்குள் சிடிகே-ஏ கூட்டையும் சிடிகே-பி1 கூட்டையும் இரண்டையுமே தடுக்கிறது என்பது. அதோடு சிடிகே-பி1இன் ஜோடியான ஏ2;3 என்ற சைக்ளினோடும் சிம் சேர்கிறது என்று காட்டினார்கள். சேரும் விதமும் எதிர்பாராதது. சைக்ளினைப் பிடிப்பதற்கென்றே இருப்பதாக நினைத்த துண்டு இங்கே பெரிதாகத் தேவைப்படவில்லை, சிடிகேயைப் பிடிப்பதாக அறியப்பட்ட துண்டுதான் இந்த வேலையைச் செய்தது. ஒரு கொக்கியில் தொங்குகிற ஆள் அல்ல சிம். கூட்டின் பல பக்கங்களை ஒரே சமயத்தில் தொட்டு இறுக்குகிறது, இந்தப் பக்கம் பிடி நழுவினாலும் அந்தப் பக்கம் நிற்கும். முதலில் சொன்ன இரண்டு தரப்பும் ஒவ்வொரு பக்கத்தைப் பார்த்தவர்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அடைப்பது ஒருவர், அழிப்பது இன்னொருவர்

சிம் மட்டும் போதுமா என்றால், போதாது. தடுப்பான் கூட்டின் மேல் உட்கார்ந்து வேலையை நிறுத்திவைக்கும், ஆனால் சைக்ளின் அங்கேயே இருந்துகொண்டிருந்தால் தடுப்பான் கொஞ்சம் அசந்தாலும் பிரிவு கிளம்பிவிடும். அதனால் சைக்ளினையே ஒழிக்கவும் ஒரு வழி வேண்டும். ஏபிசி கூட்டமைப்பைச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஆள் காட்டிவிடும் துணைப் புரதங்கள் உண்டு, அவற்றில் ஒன்று சிசிஎஸ்52ஏ1. 2010-இல் வந்த ஆய்வில் சிம் மரபணுவோடு இதையும் சேர்த்துப் பழுதாக்கியபோது முடி முன்பைவிட மோசமாகப் பிரிந்தது. சிசிஎஸ்52ஏ1 மட்டும் பழுதானால் முடி சிறுத்துப் போகும். ஒருவர் கைனேஸை அடைக்கிறார், இன்னொருவர் சைக்ளினை அழிக்கிறார், இருவரும் ஒரே வேலையின் இரு கை.

சிசிஎஸ்52 முதலில் கிடைத்ததே முடியில் இல்லை, பயறு வகையைச் சேர்ந்த மெடிக்காகோவின் வேர் முடிச்சில். 1999-இல் ஈவா கோண்டொரோசியின் குழு கண்டது. ரைசோபியம் பாக்டீரியாவைக் குடிவைக்கும் செல்கள் அந்த முடிச்சுக்குள் 64சி வரை டிஎன்ஏவைப் பெருக்கிக்கொண்டு ஊதிப் பெருக்கின்றன; இந்தப் புரதத்தைக் குறைத்தால் அவை பெருக்காது, முடிச்சும் உருப்படாது. சமையலறைப் பக்கம் வந்தால் தக்காளியின் சதை செல்கள் 256சி, 512சி என்று போகும், அங்கேயும் இதே சிசிஎஸ்52 குடும்பம்தான் கை கொடுக்கிறது. நீங்கள் தக்காளியை நறுக்கும்போது வெறுங்கண்ணுக்கே மணிமணியாகத் தெரிகிற சதை செல்கள் உண்டு, பிரியாமல் டிஎன்ஏவை மட்டும் பெருக்கிக்கொண்ட செல்கள் அவை.

சிம் எப்போது முடி செல்லுக்குள் வர வேண்டும் என்பதை முடிவெடுப்பதும் ஒரு கூட்டுதான். ஜிஎல்1, ஜிஎல்3, டிடிஜி1 என்ற மூன்று புரதங்கள் சேர்ந்து, ஒரு சாதாரண மேல்தோல் செல்லை நீ முடி ஆகு என்று திருப்பிவிடுகின்றன. இவற்றில் ஜிஎல்1, ஜிஎல்3 இரண்டும் சிம் மரபணுவின் மேலேயே நேராகப் போய் உட்காருவதை 2009-இல் காட்டினார்கள். நீ முடி ஆகு என்பதும் இனிமேல் பிரியாதே என்பதும் ஒரே கையெழுத்தில் வருகிற இரண்டு உத்தரவு. செல் தன் தொழிலைத் தேர்ந்தெடுப்பதும் செல் சுழற்சியும் இரண்டு தனித்தனி அத்தியாயமாகப் பாடத்தில் இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். இந்த ஒரு முடியில் அவை எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்த்த பிறகு அந்தப் பிரிப்பு இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

சிம்மின் சொந்தக்காரர்கள்

சிம்மைப் போல அராபிடாப்சிஸில் இன்னும் ஒரு டஜனுக்கு மேல் உண்டு, எஸ்எம்ஆர் என்று எண் போட்டு அழைப்பார்கள். எஸ்எம்ஆர்1 பூவின் புல்லிவட்டத்தில் ஒழுங்கில்லாமல் நீண்டு கிடக்கும் ராட்சத செல்களை உருவாக்குகிறது. அது பழுதானால் அந்த ராட்சத செல்கள் காணாமல் போகும், அதிகமானால் தோல் முழுக்க அவையே நிரம்பும். எஸ்எம்ஆர்5, எஸ்எம்ஆர்7 இரண்டும் டிஎன்ஏ சேதமடையும்போது ஓடிவந்து சுழற்சியை நிறுத்தி வைக்கின்றன. நெல்லில் இந்தக் குடும்பத்தவரான ஈஎல்2 குளிரிலும் வறட்சியிலும் கூடுகிறது. வயல் காய்ந்தால் பயிர் ஏன் குட்டையாகிறது என்று கேட்டால் தண்ணீர் இல்லை என்பதோடு நிறுத்திவிடுகிறோம், ஆனால் செல்லுக்குள் இப்படி ஒரு கை எழுந்து, இப்போது பிரிய வேண்டாம், பொறு, என்று சொல்கிறது என்பதும் அந்தப் பதிலின் ஒரு பகுதி.

இத்தனை பேர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொருவரும் வெவ்வேறு கூட்டணியைக் குறிவைக்க என்று முதலில் நானும் நினைத்தேன். 2015 ஆய்வில் அதையும் சோதித்திருந்தார்கள். சிம் பழுதான செடியில், முடி முளைக்கும் இடத்தில், சிம்முக்குப் பதிலாக அதன் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று நிறைய மாறுபட்ட பலர் அந்த இடத்தை நிரப்பினார்கள். வேதியியல் வேலை ஏறத்தாழ ஒன்றுதான், எங்கே எப்போது எவ்வளவு தயாராகிறார் என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் என்று முடிவு கட்டினார்கள்.

அந்தப் பட்டியலில் ஃபிஸ்கோமிட்ரெல்லா என்ற மோஸ் பாசியின் புரதமும் இருந்தது. ஈரச் சேற்றில் பச்சைப் படலமாகப் படர்கிற, பூவோ விதையோ கிளைத்த இலைமுடியோ இல்லாத செடி அது. அதன் பாதையும் அராபிடாப்சிஸின் பாதையும் பிரிந்து நாற்பது கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாசியின் மரபணுவை இந்த மியூட்டன்ட் செடிக்குள் வைத்ததும், ஒட்டிப் பிறந்த இரட்டை முடிகளுக்குப் பதிலாக, கீழே ஒற்றைத் தண்டும் மேலே கிளையுமாகக் குறுக்குச்சுவர் இல்லாத முடி மறுபடியும் எழுந்தது.